தையல்சிட்டு தேடிய கிளை

நான்கு குஞ்சுகளுக்குத் தாயான ஒரு தையல்சிட்டு, மற்ற பறவைகளுக்கு இலைகளைத் தைத்துத் தொட்டில் செய்து கொடுத்து வந்தது. மறுநாள் முட்டையிடப்போகும் தேன்சிட்டுக்கு அன்று மாலைக்குள் ஒரு தொட்டிலை முடித்தாக வேண்டும். வீட்டிலோ ஒரு தையல் போடுவதற்குள் குஞ்சுகள் நான்கு தடவை "அம்மா!" என்று கூப்பிட்டன. கணவனைக் காவலுக்கு வைத்துவிட்டு, இலையையும் பஞ்சுநூலையும் கவ்விக்கொண்டு தையல்சிட்டு கிளம்பியது.

அத்திமரத்தில் உட்கார்ந்ததும் அணில் ஓடி வந்தது. "சும்மா உட்காரக் கூடாதுங்க. பழம் சாப்பிடுறவங்களுக்குத்தான் இங்க இடம்." ஒரு பழத்தைத் தின்று முடிப்பதற்குள் சிட்டுக்கு வயிறு கனத்துத் தூக்கம் சொக்கியது. குளக்கரை நாணலுக்குப் போனால், தவளை பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து, "என்ன தைக்கிறீங்க? யாருக்கு? எப்ப முடியும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

வெயில் சாயத் தொடங்கியது. சிட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் எதிரே இருந்த புங்கமரத்தில் போய் உட்கார்ந்தது. மேலே பொந்துக்குள் மைனாவின் ஐந்து குஞ்சுகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. சிட்டு இலையை மடித்துத் தைக்க ஆரம்பித்தது. தலை நிமிர்ந்தபோது தொட்டில் முடிந்திருந்தது.

மைனா எட்டிப் பார்த்தது. "இந்தச் சத்தத்துல உனக்கு எப்படிம்மா வேலை ஓடுது? விடியக்காலைல பாடறதுக்கு ஒரு பாட்டுக் கட்டணும். காலையிலேர்ந்து ஒரு வரி வரல எனக்கு."

"சத்தம் இருந்தது வாஸ்தவம்தான். ஆனா அதுல யாரும் என்னைக் கூப்பிடலையே அக்கா," என்றது சிட்டு.

மைனா தன் குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு இறக்கையை உதறிக்கொண்டு கேட்டது:

"உன் வீடு எந்தப் பக்கம்?"