இரண்டாவது பேட்டரி

"அண்ணி, இந்தப் படகுக்கு ரெண்டாவது பேட்டரி ராசியில்ல. பேசாம டாக்டர்கிட்ட முடியாதுன்னு சொல்லிடுங்க."

கொழுந்தன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். படகுப் பட்டறை முதலாளியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று ஒரு ஃபியூஸ், இன்று காலை ஒரு ஃபியூஸ். பேட்டரியை மாட்டிச் சுவிட்சைத் திருப்பியதுமே 'டப்'. தலைமை மெக்கானிக் என்று பதினைந்து வருஷமாக மார்தட்டுகிறவன், இப்போது ராசி பேசுகிறான்!

படகு பல் டாக்டருடையது. போன ஞாயிறு ஏரி நடுவில் எஞ்சினை நிறுத்திவிட்டு, பாட்டையும் ஐஸ் பெட்டியையும் ஓடவிட்டுக் குடும்பத்தோடு குஷியாக இருந்திருக்கிறார். இருந்த ஒரே பேட்டரி காலி. திரும்பக் கிளப்பப் பார்த்தால் எஞ்சின் இருமக்கூட இல்லை. கடைசியில் மிதிபடகில் வந்த இரண்டு பேர் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தார்கள். மாமியாரும் கூட இருந்ததுதான் வினை. அன்று குனிந்த தலையை டாக்டர் இன்னும் வீட்டில் நிமிர்த்தவில்லை.

எஞ்சின் கிளப்ப ஒரு பேட்டரி, மற்றதற்கெல்லாம் ஒன்று என்று தனித்தனியாகப் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது. பன்னிரண்டு மணிக்கு மாமியாரையும் அழைத்துக்கொண்டு வருகிறார். வேலை முடியாவிட்டால் படகு எதிர்க்கரைப் பட்டறைக்குப் போய்விடும். அவருடைய சிநேகிதர்களின் பத்துப் படகுகளும் பின்னாலேயே போய்விடும். அப்புறம் பட்டறைக்குப் பூட்டுத்தான்.

வேலை கேட்டு வந்த ஒருவன் காலையிலிருந்து வாசல் பெஞ்சில் காத்திருந்தான். ஒரு காலில் பச்சைக் காலுறை, மறுகாலில் பழுப்புக் காலுறை. பாவம், அவசரத்தில் கிளம்பியிருப்பான் என்று முதலாளியம்மா நினைத்துக்கொண்டாள். இதற்கு முன் எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டாள்.

"எங்கேயும் சேர்த்துக்கலம்மா. வேலை செஞ்சு காட்டினா பாஸ் பண்ணிடுவேன். மெடிக்கல்ல தள்ளிடுவாங்க."

இதயமோ, முதுகெலும்போ! தோண்டிக் கேட்க மனம் வரவில்லை.

"இந்தப் படகை முடிச்சுக் குடு. முடிச்சா வேலை உனக்கு," என்றாள். கையோடு கொழுந்தனைக் கூப்பிட்டு, கனமான பேட்டரியை அவனையே தூக்கித் தரச் சொன்னாள். வேலை அவனுக்கு, இடுப்புவலி தனக்கா என்று கொழுந்தன் முணுமுணுத்தான்.

படகின் பழைய சொந்தக்காரர் இரண்டாவது பேட்டரிக்கென்றே படகின் முன்னறையிலிருந்து சுவிட்ச் வரை இரண்டு ஒயர்கள் இழுத்து வைத்திருந்தார். பேட்டரியை வைத்து மாட்ட வேண்டியதுதான் பாக்கி. புதியவனோ இரு முனைகளையும் கழற்றிவிட்டு, நீளமாக ஒரு தனி ஒயரை மீட்டரில் சேர்த்து, எந்த முனை எங்கே போகிறது என்று 'பீப்' சத்தம் கேட்டுக் கேட்டுப் பார்த்தான். ஒவ்வொரு முனையிலும் வெள்ளை டேப் ஒட்டி நம்பர் எழுதினான். நகை செய்கிறவன் மாதிரி அப்படியொரு நிதானம். மணி பதினொன்றைத் தாண்டியது.

இந்த அரிச்சுவடி வேலையெல்லாம் எதற்கு, சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ், பார்த்தால் தெரியாதா என்று கொழுந்தன் சிரித்தான். புதியவன் டேப்பில் எழுதிய நம்பரை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டான். பேட்டரியில் ஒயரை வைத்து முடுக்கத் தொடங்கினான். கொழுந்தன் எட்டிப் பார்த்துப் பதறிப்போனான்.

"அண்ணி, கறுப்பைக் கொண்டுபோய் பிளஸ்ல மாட்டறான்! இந்தத் தடவை படகே எரியப்போகுது, நிறுத்துங்க!"

வாசலில் கார் வந்து நின்றது. டாக்டர் இறங்கினார். மாமியார் அதற்கு முன்பே இறங்கிவிட்டார்.

முதலாளியம்மா புதியவனைப் பார்த்தாள். அவன் மீட்டரைத் தூக்கிக் காட்டினான்.

"மீட்டர் சொல்றபடிதான்மா மாட்டறேன்."

"மாட்டு," என்றாள்.

சுவிட்சைத் திருப்பினான். கொழுந்தன் காதைப் பொத்திக்கொண்டான். 'டப்' கேட்கவில்லை, பாட்டுதான் கேட்டது! ஐஸ் பெட்டி உறுமியது, விளக்கெல்லாம் எரிந்தது. அரை மணி நேரம் எல்லாம் ஓடிய பிறகு மாமியாரே ஏறிச் சாவியைத் திருகினார். ஒரே திருகில் எஞ்சின் கர்ஜித்தது.

"ஞாயித்துக்கிழமை நானும் வரேன் மாப்பிள்ளை," என்றார் மாமியார். டாக்டரின் முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது. சிநேகிதர்களின் படகுகளுக்கும் இரண்டாவது பேட்டரி இங்கேயே போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொழுந்தனுக்கு மனசு ஆறவில்லை. பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே பழைய சொந்தக்காரர் ஒயர் பற்றாமல் சிவப்போடு கறுப்பையும், கறுப்போடு சிவப்பையும் ஒட்டுப்போட்டு, மேலே டேப் சுற்றி வைத்திருந்தார். நிறத்தை நம்பியதில்தான் இரண்டு ஃபியூஸும் போயிருந்தன.

முதலாளியம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு. கனம் எதையும் தூக்காதே, அதுக்குத் தம்பி இருக்கான். ஆமா, எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு நம்புற நிறத்தை நீ மட்டும் எப்படிப்பா நம்பாம விட்டே?"

அவன் கொஞ்சம் தயங்கிவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தான்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா, எவ்வளவு கனமும் தூக்குவேன். மெடிக்கல்ல தள்ளினது கண்ணுக்காக. பொறந்ததுலேருந்து சிவப்பும் கறுப்பும் எனக்கு ஒரே நிறம்தான்."