பதினேழாம் நம்பர்

கொழும்பு வெள்ளவத்தையில், குடல் டொக்டரின் அறை வாசலில் பதினேழாம் நம்பர் தர்மினி காத்திருக்கிறாள். மடியில் ஏழு வருட வலியின் ரிப்போர்ட்டுகள். குறைந்தது முப்பது கிலோ, விமானத்தில்கூட ஏற்றமாட்டார்கள். இதுவரை பார்த்த டொக்டர்மாரெல்லாம் "எல்லாம் உங்கட யோசனையாலதான்" என்று அனுப்பிவிட்டார்களாம். வெளியே கடலோர ரயில் கடக்க, ஜன்னல்கள் அதிர்கின்றன. சட்டென்று வயிற்றைப் பிடித்தபடி கழிப்பறைக்கு ஓடுகிறாள். உடனே கதவு திறக்கிறது. "பதினேழு இல்லையா? பதினெட்டு வாங்கோ" என்கிறார் தாதி. நம்பர் தவறினால் இனி அடுத்த மாதம்தான். பதினெட்டாம் நம்பர் கொட்டாஞ்சேனை பெனடிக்ட் அசையவில்லை. "கால் விறைச்சுப் போச்சு, மிஸ்." "அப்ப பத்தொன்பது?" "எனக்கு ரெண்டு காலும்" என்கிறேன் நான். இதுவரை கதைத்துக்கொண்டிருந்த இருபதாம் நம்பர் அம்மா கட்டடம் நடுங்கக் குறட்டை விடுகிறார். ஈர முகத்துடன் தர்மினி வந்து உள்ளே போகிறாள். கதவு மூடுமுன் டொக்டரின் குரல் கேட்கிறது: "இருங்கோ. முதல் நாளிலயிருந்து ஆறுதலாச் சொல்லுங்கோ."