கரையோரக் கடல்

"நாளையிலேர்ந்து மூணு மாசத்துக்கு நீ கடல்ல இறங்கக் கூடாது" என்றாள் ஜொங்சுன்.

ரப்பர் உடையில் நீர் சொட்ட நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மூச்சடக்கிக் கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் அந்தப் பெண்களுக்கு ஜொங்சுன்தான் தலைவி. சொன்னால் சொன்னதுதான்.

தண்டனை ஒக்ரேவுக்கு. கொரியாவின் ஜேஜு தீவில், அந்த ஊரில் யாரும் போகத் தயங்கும் ஆழத்துக்குப் போய் வருகிறவள். அப்படிப்பட்டவள் ஒரு வருடமாகக் கரையோரக் கடலை விட்டு நகரவில்லை.

கரையோரக் கடல் வயதானவர்களுக்கென்று விட்டது. ஆழம் போகத் தெம்புள்ளவள் அங்கே கை வைக்கக் கூடாது.

"ஆழத்துல ஒண்ணும் கிடைக்கலைக்கா" என்றாள் ஒக்ரே.

"கிடைக்கலையா, உனக்கு உடம்பு வளையலையா? எழுபது தாண்டினவங்க பிழைப்புல கை வைக்கிறியே, சோம்பேறி."

ஒக்ரேவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நாளைக்கே ஆழத்துல இறங்கிக் காட்டுறேன்."

"இறங்கினா நம்ம சங்கத்துலேர்ந்து உன் பேரையே எடுத்துடுவேன்."

பெண்கள் பின்னால் பேசாமல் இருப்பார்களா? ஒக்ரே ஒதுங்கினால் ஜொங்சுனுக்குப் போட்டியே இல்லை, அதற்குத்தான் இவ்வளவும் என்றார்கள். பதவி தலைக்கேறிவிட்டது என்றார்கள். ஜொங்சுன் காதில் விழாததுபோலப் போனாள்.

ஊரில் முகம் காட்டப் பிடிக்காமல் ஒக்ரே நகரத்தில் இருந்த மகள் மியொங்ஹி வீட்டுக்குப் போனாள். மறுநாளே மகள் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். எதற்கு என்று கேட்டால், சும்மா பார்த்துவிடலாம் என்று மழுப்பினாள்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் வெகு நாளாகவே சுருங்கிக் கிடந்தன. ஸ்கேன் திரையில், இதயச் சுவரின் ஒரு பக்கம் அசையவே இல்லை.

"அது செத்துப்போச்சா டாக்டர்?"

டாக்டர் கொஞ்சம் மருந்து ஏற்றிப் பார்த்தார். சும்மா கிடந்த பகுதி மெல்ல அசைந்தது.

"சாகலைம்மா. அதுக்கு வர்ற ரத்தம் ரொம்ப நாளா கம்மி. அதை வெச்சுக்கிட்டு முழு வேலையும் பார்த்தா செத்துடும். அதனால வேலையைக் குறைச்சுக்கிட்டு உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. ரத்தத்துக்கு வழி பண்ணிட்டா திரும்ப வேலை செய்யும்."

"பார்க்கிறவங்க அதையும் சோம்பேறின்னுதான் சொல்வாங்க" என்று ஒக்ரே அழுதாள். ஆழத்தில் மூச்சு முட்டியதை, வயதாகிவிட்டதால்தான் என்று அவள் நினைத்திருந்தாள்.

இந்த நெஞ்சோடு ஆழத்துக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மகள் கேட்டாள். "உயிரோட மேல வந்திருக்க மாட்டாங்க" என்றார் டாக்டர்.

நெஞ்சைத் திறந்து ரத்தத்துக்கு மாற்று வழி போட்டார்கள். குளிர்காலம் கழிந்து மறுபடி பார்த்தபோது அந்தப் பகுதி மற்றதோடு சேர்ந்து துடித்தது. இப்போதைக்குக் கரையோரம் மட்டும், அதுவும் மெதுவாக என்று சொல்லி டாக்டர் அனுப்பினார்.

ஊருக்கு வந்ததும் ஒக்ரே நேராக ஜொங்சுன் வீட்டுக்குப் போனாள். அவள் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என் நெஞ்சுல கோளாறுக்கா. எல்லார் முன்னாடியும் சோம்பேறின்னியே, இப்ப என்ன சொல்ற?"

"கோளாறுன்னு எனக்கு அப்பவே தெரியும். தண்ணிக்கு மேல வந்து அடக்கின மூச்சை விடுறப்ப நமக்கெல்லாம் சீழ்க்கை மாதிரி சத்தம் வருமே, உனக்கு அது பாதியிலேயே அறுந்துபோச்சு. இத்தனை வருஷம் பக்கத்துல முங்கினவளுக்குக் கேக்காதா? மியொங்ஹிக்குப் போன் பண்ணினதே நான்தான்."

ஒக்ரே தடுமாறிப்போனாள். "அப்ப உடம்புக்கு என்னன்னு என்கிட்டயே கேட்டிருக்கலாமே. எதுக்கு அந்த அவமானம்?"

"உடம்பு சரியில்லன்னு யாரையும் கரையில நிறுத்த எனக்கு அதிகாரம் இல்ல. கரையோரக் கடலைத் தொட்டா நிறுத்தலாம்."

ஜொங்சுன் கத்தியைக் கீழே வைத்தாள்.

"உன் நாத்தனார் மல்சூன்கிட்ட உடம்புக்கு என்னன்னு நான் அன்பாத்தான் கேட்டேன். எனக்கு ஒண்ணுமில்லன்னு காட்டுறதுக்கு அன்னிக்கே ஆழத்துக்குப் போனா. நாம ரெண்டு பேரும்தானே அவளைப் பிணமா தூக்கிட்டு வந்தோம்."