நிபுணர் திருத்திய பாதை

“பாதையே தப்பும்மா!” என்றார் நிபுணர். அவர் அந்தக் கூடத்துக்குள் வந்து முழுதாக மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

நான்கு மூலைத் தூண்களிலிருந்து நான்கு கேபிள்கள், நடுவே அவற்றில் தொங்கும் ஒரு மேடை. மோட்டார்கள் கேபிளைச் சுருட்டியும் விட்டும் மேடையை நகர்த்தும். எந்த வழியில், என்ன வேகத்தில் போனால் கேபிள் தொய்யாது, சரக்கு ஆடாது என்று இரண்டு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள் அந்தப் பொறியாளர். இன்று நிபுணர் கையெழுத்துப் போடாவிட்டால் எல்லாவற்றுக்கும் மூடுவிழா.

நிபுணர் சொன்ன நேரத்துக்கு நாற்பது நிமிடம் கழித்துத்தான் வந்தார். வந்ததும், விலைக்கு வாங்கப்போகும் மாட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல் மேடையைப் பலமாக ஒரு தட்டு தட்டினார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, கையிலிருந்த கோப்பால் விசிறிக்கொண்டே கவனித்தார். மேடை இடமும் வலமுமாகப் போய்வந்தது.

“சார், ஒரு நிமிஷம். இன்னும் நாங்க...”

“நான் முடிச்சிடறேன். கேபிள் இழுக்கும், தள்ளாது. பாலர் வகுப்புப் பாடம் இது. ஓரத்துக்குப் போனதும் எப்படித் தடுமாறுது பாரு! என்ன வேகம் குடுத்திருக்கே?”

“வேகம் எதுவும் குடுக்கலை சார்.”

“அதான் தெரியுதே! ஏனோதானோன்னு விட்டிருக்கே.”

கூட வந்த இருவரும் பயபக்தியோடு அதைக் குறித்துக்கொண்டார்கள். இந்தத் துறையில் தன்னை விட்டால் ஆளில்லை என்று நிபுணருக்கு முப்பது வருஷமாகவே தெரியும். அதை மற்றவர்களும் தெரிந்துகொள்ளும்போது அவருக்குத் தனி சந்தோஷம்.

அவள் மேடையைப் பார்த்தாள். அவர் மடியில் கிடந்த படிவத்தைப் பார்த்தாள்.

“என்ன செய்யணும் சார்?”

“அப்படிக் கேளு! ஒவ்வொரு தடவையும் வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறை. ஓரத்துல நிதானம். அவ்வளவுதான்.”

அவள் மடிக்கணினியில் எதையோ தட்டினாள். முழ நீளத்துக்குப் போய்வந்த மேடை, சாண் அளவுக்கு வந்தது. பிறகு நாலு விரல். பிறகு அலுங்காமல் குலுங்காமல் நின்றது.

நிபுணர் எழுந்தே விட்டார். “பாத்தீங்களா! ரெண்டு வருஷமா வராதது ரெண்டு நிமிஷத்துல வந்திடுச்சு!”

படிவத்தில் மூன்று இடங்களிலும் கையெழுத்துப் போட்டார். ஆசை அடங்காமல், ‘என் நேரடி வழிகாட்டுதலில் இயக்கம் சீராக்கப்பட்டது’ என்று அடியில் ஒரு வரியும் சேர்த்தார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள்.

எலக்ட்ரீஷியன் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

“மேடம், கரண்ட் வந்திடுச்சு. மெஷினை இப்ப ஆன் பண்ணட்டுமா?”