விருந்தாளி பார்த்த கூரை

“வீட்டுல சும்மா அடுக்கி வெச்சிருக்கிற தகரம். ஒரே ஒரு நாளைக்குக் கேட்டா தர மாட்டாளாம். இவளும் பிள்ளை பெத்தவதானே!”

மெரெவாலெசி சொன்னது ஊருக்கே கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள். பள்ளிக்கூடத் தாய்மார் சங்கத்துக்கு அவள் தலைவி. அவள் திட்டுவதற்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த விலிமைனா தலையைத் தூக்கவில்லை. மெரெவாலெசியின் தம்பி பெண்டாட்டி அவள்.

“நாளைக்கு யார் வர்றாங்கன்னு தெரியுமாடி? தலைநகர் சுவாவிலேர்ந்து கல்வி அதிகாரி. ஒண்ணாம் கிளாஸ் கூரைக்கு அரசாங்கப் பணம் கொடுக்கலாமா வேண்டாமான்னு பார்க்க வர்றார்.”

“தெரியும் அண்ணி. அதனாலதான் சொல்றேன். ஓட்டையைப் பார்க்க வர்றவருக்கு ஓட்டையைக் காட்டுங்க.”

“ஃபிஜிக்காரியா பொறந்துட்டு, விருந்தாளியை ஓட்டைக்குக் கீழே உட்கார வைக்கச் சொல்றியா? ஊர் மானம் என்ன ஆகிறது?”

“மானம் நனையாது அண்ணி. பிள்ளைங்கதான் நனையுது.”

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்லை. புயல்ல போன உன் அடுப்படிக் கூரையைப் போடணும், அதைச் சொல்லு!”

“ஆமா, போடணும்தான்,” என்றாள் விலிமைனா. தேங்காய் துருவும் சத்தம் மறுபடி தொடங்கியது.

மாலைக்குள் பள்ளிக்கூடம் கல்யாண வீடாகிவிட்டது. அசெனாகா புதுத் தாழம்பாய் கொண்டுவந்தாள். இன்னொருத்தி தன் வீட்டுத் திரைச்சீலையைக் கழற்றி வந்து மாட்டினாள். பாதிரியார் வீட்டு நாற்காலிகளும் வந்து சேர்ந்தன. விலிமைனா ஒரு பானைத் தேங்காய்ப்பாலோடு வந்தாள்.

“தகரம் தராத மகராசி பால் தர்றா, நகருங்க, நகருங்க,” என்றாள் அசெனாகா. எல்லோரும் சிரித்தார்கள்.

ஒண்ணாம் வகுப்புக் கூரையில் கட்டில் அகலத்துக்கு ஓட்டை. மெரெவாலெசி வீட்டுக்குப் போய், மகள் கல்யாணத்துக்குச் செய்த மரப்பட்டைத் துணியைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள். கறுப்பும் செம்மண் நிறமுமாகக் கோலம் எழுதிய துணி. ஓட்டை இருந்த இடமே தெரியாதபடி அதை விதானம்போல் இழுத்துக் கட்டினாள்.

தலைமை ஆசிரியர் ஜோசையா தயங்கினார். “கூரையை அவர் பார்க்க வேண்டாமாம்மா?”

“பார்ப்பார் மாஸ்டர். முதல்ல சாப்பிடட்டும்.”

மறுநாள் வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். வரவேற்புக்கான யங்கோனா வேர்ப்பானம் கலக்கி முதல் சிரட்டையை அவரிடம் நீட்டினார்கள். ஒரே மடக்கில் குடித்தார். எல்லோரும் கையைக் குவித்துத் தட்டினார்கள். பிறகு மண்ணுக்குள் தோண்டிய குழியடுப்பிலிருந்து பன்றியும் சேப்பங்கிழங்கும் ஆவி பறக்க வந்தன.

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். “அடேயப்பா, என்ன வேலைப்பாடு! யார் வீட்டுது?”

“நம்ம வீட்டுதுதான் ஐயா.” மெரெவாலெசிக்கு வாயெல்லாம் பல்.

“ஐயா, அந்தத் துணிக்கு மேலே...” என்று ஜோசையா ஆரம்பித்தார். அவர் தட்டில் ஒரு பெரிய துண்டுக் கறி வந்து விழுந்தது. மெரெவாலெசி வைத்தது.

சாப்பிட்டு முடித்து அதிகாரி எழுந்து நின்றார்.

“எத்தனையோ பள்ளிக்கூடம் பார்த்துட்டேன். பெத்தவங்க எட்டிக்கூடப் பார்க்கிறதில்லை. இங்கே நீங்களே பள்ளிக்கூடத்தைத் தாங்கிப் பிடிக்கிறீங்க. எங்க கையில இருக்கிற பணம் கொஞ்சம்தான். கேட்க நாதியில்லாத பக்கத்துத் தீவுப் பள்ளிக்கு அது போகட்டும். உங்களுக்கு எதுக்கு? நல்லா இருங்க!”

பழக்க தோஷம், எல்லோரும் கைதட்டினார்கள். பாதித் தட்டலில்தான் விஷயம் புரிந்தது.

யார் வாயைத் திறப்பது? இப்போது துணியை அவிழ்த்துக் காட்டினால் அத்தனை உபசாரமும் நாடகம் என்றாகிவிடும். மெரெவாலெசி சிரித்த முகத்தோடு படகுவரை போய், மிச்சக் கிழங்கையும் ஓலைக்கூடையில் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

படகு கண்ணுக்கு மறைந்ததும் பாய் போயிற்று, திரை போயிற்று, நாற்காலிகள் போயின. மேகம் கறுத்திருந்தது.

“மழை பட்டா வீணாயிடும்,” என்று மெரெவாலெசி துணியை அவிழ்த்து மடித்தாள். கவலை துணிக்கு. கீழே உட்காரப்போகிற பிள்ளைகளைப் பற்றி அங்கே யாரும் மூச்சுவிடவில்லை.

திங்கட்கிழமை பள்ளி நேரத்தில் மழை கொட்டியது. தாய்மார்கள் தலையில் வாழை இலையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை அழைத்துப்போக ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால் மெரெவாலெசி.

ஒண்ணாம் வகுப்பில் பிள்ளைகள் தொண்டை கிழியப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். தரை காய்ந்து கிடந்தது. மேலே பளபளவென்று புதுத் தகரம்.

“மாஸ்டர், இது...?”

“சனிக்கிழமை நீங்க எல்லாரும் ரக்பி பார்க்கப் போயிட்டீங்க. உங்க தம்பியும் அவர் சம்சாரமும் வந்து அடிச்சுட்டுப் போனாங்க. சொல்ல வேண்டாம்னுட்டாங்க.”

மெரெவாலெசி நேராகத் தம்பி வீட்டுக்கு நடந்தாள். கையிலிருந்த இலை எங்கேயோ விழுந்துவிட்டது.

கூரையில்லாத அடுப்படியில் விலிமைனா ஒரு கையில் குடையைப் பிடித்தபடி, மறு கையால் அடுப்பை விசிறிக்கொண்டிருந்தாள். குடை அடுப்புக்குத்தான். அவள் முதுகு நனைந்துகொண்டிருந்தது.

“தர மாட்டேன்னு சொன்னியேடி?”

விலிமைனா குடையைச் சற்று நகர்த்தி நாத்தனாருக்கும் இடம் கொடுத்தாள்.

“விருந்தாளிக்குத்தான் தர மாட்டேன்னேன் அண்ணி. பிள்ளைங்களுக்குன்னு நீங்க யாரும் கேட்கவே இல்லையே.”