தட்டுக்கு எடுப்பாக ஒரு லேப்டாப்

"கனமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும் தம்பி. சபையில தட்டுல வச்சா எடுப்பா இருக்குமா? அதைச் சொல்லுங்க."

பொன்னுத்தாயி கேட்டதுமே முத்துக்கண்ணனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. காரைக்குடி செக்காலை ரோட்டில் பத்து வருஷமாக லேப்டாப் விற்கிறவன். தட்டு, சபை என்றால் கல்யாணச் சீர் என்று தெரியாதா என்ன?

"என்னைக்கும்மா விசேஷம்?"

"வர்ற வெள்ளிக்கிழமை நிச்சயம். இதை வாங்கி வச்சாத்தேன் மேக்கொண்டு பேச்சு. அதுவும் கண்டதைத் தூக்கிட்டு வந்தா சம்பந்தமே வேணாம்னு முகத்துக்கு நேராச் சொல்லிட்டாக."

அடப்பாவிகளா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான் முத்துக்கண்ணன்.

பொன்னுத்தாயிக்குப் பக்கத்தில் நின்ற இளைஞன் மடித்த தாள் ஒன்றை நீட்டினான். பெண்ணுக்கு அண்ணன் போலிருக்கிறது, முகத்தில் அவ்வளவு கவலை. "என்னென்ன இருக்கணும்னு எழுதிக் குடுத்துருக்காகண்ணே. கிராபிக்ஸ் கார்டு, ரேம், ஸ்கிரீன் எல்லாம்."

முத்துக்கண்ணன் தாளைப் படித்தான். விவரம் தெரிந்தவர் எழுதியதுதான். "கேமிங் லேப்டாப்புல உச்சத்துல இருக்குறதால்ல கேட்டுருக்காக! ரெண்டு லட்சத்தை நெருங்குமேம்மா?"

"நெருங்கட்டும். பிள்ளை மனசுக்குப் பிடிச்சுப் போச்சு. இதுல போயி கணக்குப் பாக்க முடியுமா?"

அவனுக்குத் தங்கை ராஜப்ரியாவின் கல்யாணம் ஞாபகத்துக்கு வந்தது. பைக்கின் கலர் பிடிக்கவில்லை என்று மாப்பிள்ளை மாலையை வாங்காமல் உட்கார்ந்துகொள்ள, அப்பா சபை நடுவில் கையெடுத்துக் கும்பிட்டார். எட்டு வருஷமாகியும் அந்த எரிச்சல் ஆறவில்லை.

"கோவிச்சுக்காதீகம்மா. இம்புட்டுக் கேக்குறவுக கூடச் சம்பந்தம் வேணுமா?"

"என்ன தம்பி இப்படிச் சொல்லிட்டீக? கேட்டதுல என்ன தப்பு? நம்ம பக்கத்து முறைதேனே. பொருளுதேன் புதுசு."

முறையாம் முறை! இப்படிப் பணிந்து போகிறவர்கள் இருக்கிற வரைக்கும் அவன்கள் ஏன் கேட்கமாட்டான்கள்? முத்துக்கண்ணன் இரண்டு லேப்டாப்களை எடுத்து மேசையில் வைத்தான். ஒன்று கறுப்பாக, அம்மிக்கல் மாதிரி தடியாக இருந்தது. இன்னொன்று வெள்ளி நிறத்தில், நோட்டுப் புத்தகம் போல மெல்லிசாக இருந்தது.

"இந்தக் கறுப்பு மூணு கிலோ. சார்ஜரே தனியா ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும். பேட்டரி ரெண்டு மணி நேரம் நின்னாப் பெருசு. ஃபேன் சுத்துச்சுன்னா மாவு மில்லு மாதிரி இரையும்."

"அந்த வெள்ளி?"

"ரெண்டு கிலோகூட இல்ல. பேட்டரி ஆறு மணி நேரம் நிக்கும். சத்தமும் கம்மி. ஸ்கிரீனைப் பாருங்க, மயிலுக் கழுத்துக் கலரைக் காட்டுனா அப்படியே தெரியும்."

பொன்னுத்தாயி சொக்கிப் போனாள். "ஆத்தாடி, தட்டுல இதை வச்சா ஊரே பாக்குமே!"

இளைஞன் மட்டும் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "ரெண்டுலயும் ஒரே கார்டுதானேண்ணே?"

மற்ற நாளாக இருந்தால் முத்துக்கண்ணன் உட்காரவைத்து விளக்கியிருப்பான். கார்டின் பேர் ஒன்றுதான், ஆனால் வெள்ளியில் அதற்குப் போகிற கரண்ட் பாதிதான். அரை மணி நேரம் கடினமாக வேலை வாங்கினால் சூடேறி வேகம் படுத்துவிடும். ரேமும் போர்டோடு பற்றவைத்தது, பின்னால் கூட்ட முடியாது. கறுப்போ நாள் முழுக்க ஓட்டினாலும் அசராது.

இன்றைக்கு அதைச் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. கேட்டு வாங்குகிறவனுக்கு மினுமினுப்பு போதும். சூட்டில் கை வேகட்டும். கண்டதை வாங்கி வந்தார்கள் என்று அவனே சம்பந்தத்தை முறித்துக்கொண்டால் இன்னும் நல்லது, அந்தப் பெண்ணாவது பிழைத்துப் போகும்.

"ஒரே கார்டுதேன்," என்றான், தாளைப் பார்த்தபடியே.

"அப்ப வெள்ளியவே குடுங்கண்ணே," என்றான் இளைஞன். அவன் முகத்தில் இருந்த கவலை கொஞ்சம் விலகியது.

முத்துக்கண்ணன் பெட்டியில் வைத்து டேப்பை ஒட்டினான். பில் போடக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். "யாரு பேருல போடட்டும்?"

"சத்தியப்பிரியான்னு போடுங்கண்ணே."

"தங்கச்சி பேரா? அது வேணாம் தம்பி. நாளைக்கு ரிப்பேருன்னு வந்தா, வச்சுப் பொழங்குறவுக பேருல பில் இருந்தாத்தேன் சுளுவு. மாப்பிள்ளை பேரைச் சொல்லுங்க."

இளைஞன் விழித்தான். பொன்னுத்தாயி குலுங்கிச் சிரித்துவிட்டாள்.

"யாருக்கு யாரு தங்கச்சி? மாப்பிள்ளையே இவந்தேன் தம்பி, நான் பெத்த மகன் நவநீதகிருஷ்ணன். இது பொண்ணுக்கு நாங்க போடுற பரிசம்! பட்டும் வேணாம், சங்கிலியும் வேணாம், கேம் தயாரிக்கிற கம்பெனியில வேலை பாக்குறேன், என் தொழிலுக்குத் தாங்குறதா ஒண்ணு விசாரிச்சு வாங்கியாங்க, அதுலயே உங்க மகன் லட்சணத்தைப் பாத்துக்கிறேன்னுருச்சு அந்தப் புள்ள."

முத்துக்கண்ணன் ஒட்டின டேப்பை அவசர அவசரமாகப் பிய்த்தான். "கொஞ்சம் உக்காருங்கம்மா... ஒரே கார்டுன்னு சொன்னேன்ல, அதுல பாதியைத்தேன் சொன்னேன்."