குடும்பத்தோடு ஒரு பாடம்

ஊழல் செய்தால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்துப் படிக்கட்டும் என்று, ஆளும் கட்சியின் மாவட்டக் குழு, அரசு அதிகாரிகளை மனைவியரோடு சிறைச்சாலைக்கு அழைத்து வந்திருந்தது.

சாலைத் துறை அதிகாரி லுவோ, காவலரைக் கேள்விகளால் துளைத்தெடுத்தார். "குளிர்காலத்துல எத்தனை போர்வை தருவீங்க? காலைக் கஞ்சி சூடா இருக்குமா?"

"என்ன லுவோ அண்ணே, இப்பவே இடம் பிடிக்கிறீங்களா?" என்றார் பின்னால் வந்தவர். எல்லோரும் சிரித்தார்கள்.

லுவோவின் மனைவி சியூமின் மட்டும் சிரிக்கவில்லை. பாலம் கட்டிய ஒப்பந்ததாரர் கொடுத்த வீடு வெளியே தெரிந்தால் எல்லாம் போய்விடும். கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மானம் போகுது. வாயை மூடிக்கிட்டு வாங்க."

"தெரிஞ்சு வச்சுக்கறது நல்லதுதானே?"

வெளியே, இவர்கள் வந்த பேருந்து அருகே இரண்டு பெண் ஊழல் விசாரணை அதிகாரிகள் காத்திருந்தார்கள். அவர்கள் நெருங்கி வரவர, சியூமின் கணவரின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

லுவோ அந்தக் கையை மெல்ல விலக்கினார்.

"ஒப்பந்ததாரர்கிட்ட உன் தம்பி பேர்ல நீ வாங்கிக்கிட்ட வீடு, போன வாரம்தான் எனக்குத் தெரிய வந்துது. இன்னைக்குக் காலையில நானே இவங்ககிட்ட சொல்லிட்டேன்" என்றார். "உனக்குக் குளிர் ஆகாதேன்னுதான் அவ்வளவு கேள்வி கேட்டேன்."